சான்றுச் சீட்டும் மனச்சான்றும்

எகிப்து நாட்டின் வறண்ட மணலுக்கு ஓர் அரிய குணம் உண்டு. தன்னிடம் வந்து சேர்ந்த பொருளை அது எளிதில் அழிய விடுவதில்லை. பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேலாக அம்மணலினுள் புதைந்து கிடந்த சில பாப்பிரஸ் ஏடுகள் 1893ஆம் ஆண்டு முதல் ஆராய்ச்சியாளரின் பார்வைக்கு வரலாயின. அவற்றில் காவியம் இல்லை. அரச கட்டளையும் இல்லை. அவை சாதாரண மனிதர் அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்த மனுக்கள். அவற்றுள் ஒன்று தியோகெனஸ் என்ற முதியவருடையது. வயது எழுபத்திரண்டு, வலப் புருவத்தில் தழும்பு என்று அவருடைய அடையாளங்கள் குறிக்கப்பட்டுள்ளன. தாம் எக்காலத்தும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்தவர் என்றும், இப்போதும் அதிகாரிகளின் முன்னிலையில் பலியிட்டுப் பானப்படையல் வார்த்துப் படைத்ததை உண்டதாகவும் கூறி, அதற்குச் சான்று அளிக்குமாறு அவர் வேண்டுகிறார். கீழே அதிகாரியின் ஒப்பம் காணப்படுகிறது.

இத்தகைய சீட்டுகள் இதுவரை நாற்பதுக்கு மேல் கிடைத்துள்ளன. பெரும்பாலானவை கி.பி. 250ஆம் ஆண்டின் ஜூன், ஜூலைத் திங்கள்களில் எழுதப்பட்டவை. ஒரு கோயிற் பூசாரிணிகூடத் தமக்கு இப்படியொரு சீட்டு வாங்கி வைத்திருந்தார். இவை ஏன் எழுதப்பட்டன, இவற்றால் கிறிஸ்தவத் திருச்சபையில் எழுந்த வழக்கு யாது, பாவத்தின் பொறுப்பு யாரைச் சாரும் என்ற கேள்விக்கு அவ்வழக்கினின்று கிடைத்த விடை யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். வழக்கு பழையது, கேள்வி பழையதன்று.

கி.பி. 249ஆம் ஆண்டில் டீசியஸ் என்பவர் ரோமாபுரியின் பேரரசரானார். எல்லைகளில் பகைவர் நெருக்கினர்; உள்நாட்டில் ஆட்சி நிலைகுலைந்திருந்தது. பழைய தேவர்களின் அருள் குன்றியதே இத்துன்பங்களுக்குக் காரணம் என்று அக்காலத்தார் பலர் எண்ணினர். பேரரசின் குடிகள் யாவரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று டீசியஸ் கட்டளை பிறப்பித்தார். பலியிட்டவருக்குச் சான்றுச் சீட்டு வழங்கப்பட்டது. கிறிஸ்தவர் தம் விசுவாசத்தைக் கைவிட வேண்டும் என்று அக்கட்டளை வெளிப்படையாகக் கூறியதாகத் தெரியவில்லை. ஒரு சிட்டிகைச் சாம்பிராணியைத் தணலில் இடுவதும் ஒரு துளி மதுவை வார்ப்பதுமே போதுமானவை. ஆயினும் கிறிஸ்தவனுக்கு அச்சிட்டிகைச் சாம்பிராணி ஒரு மலையாக நின்றது. அதை இட மறுத்தவர் பலர் சிறை புகுந்தனர். சிலர் உயிர் துறந்தனர். ரோமாபுரியின் அத்தியட்சரான பபியான் 250ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இறந்தார்.

இப்புயல் கார்த்தேஜ் மாநகரத்தைத் தாக்கிய விதமே நம் வரலாற்றுக்கு நடுநாயகமாகும். இந்நாளில் துனிசியா நாட்டின் தலைநகரான துனிஸை அடுத்து இடிபாடுகளாகக் கிடக்கும் இந்நகரம், அந்நாளில் ரோமப் பேரரசின் பெருநகரங்களுள் ஒன்று. அங்கு அத்தியட்சராக இருந்தவர் சிப்பிரியான். செல்வக் குடியினர், சொல்வன்மையைத் தொழிலாகக் கொண்டிருந்தவர், நடுவயதில் கிறிஸ்தவரானவர். திருமுழுக்குப் பெற்று இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்ளாகவே மக்களின் விருப்பத்தால் அத்தியட்சர் ஆக்கப்பட்டவர். அவர் எழுதியனவும் அவருக்கு எழுதப்பட்டனவுமாக எண்பதுக்கு மேற்பட்ட கடிதங்கள் இன்று நமக்குக் கிடைக்கின்றன. மூன்றாம் நூற்றாண்டுச் சபை ஒன்றின் அன்றாட வாழ்வை இத்துணை அருகிலிருந்து காட்டும் ஆவணங்கள் வேறு சிலவே உள.

கட்டளை வந்தவுடன் கார்த்தேஜ் சபை பெரும்பாலும் நிலைதவறியது. சிப்பிரியான் பின்னர் எழுதிய 'வழுவியோர்' பற்றிய நூல் அக்காட்சியை ஒளிவு மறைவின்றிக் கூறுகிறது. வீரர் வந்து இழுக்கும்வரை மக்கள் காத்திருக்கவில்லை. தாமே மன்றத்துக்கு ஓடினர். பலியிட வந்த கூட்டம் மிகுதியாகிப் பொழுது சாய்ந்தமையால், நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் கூறினர். இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று வந்தவர் மன்றாடினர். சிலர் தம் கைக்குழந்தைகளையும் தூக்கிவந்து அப்படையலில் பங்கு கொள்ளச் செய்தனர். நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, எங்களைப் பெற்றவரே எங்களைக் கெடுத்தனர் என்று அக்குழந்தைகள் நியாயத்தீர்ப்பு நாளில் முறையிடுவதாகச் சிப்பிரியான் எழுதுகிறார். பிறருடைய செயலுக்கு ஒருவனைக் குற்றவாளியாக்க முடியுமா என்ற வினா இங்கேயே தலைகாட்டி விடுகிறது.

இவ்வீழ்ச்சிக்கு அரசனின் கொடுமை ஒன்றையே காரணமாகக் காட்டிச் சிப்பிரியான் அமைந்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. நெடுங்காலம் துன்பமின்றி வாழ்ந்த சபை உள்ளேயே தளர்ந்துபோயிருந்தது என்கிறார். ஒவ்வொருவரும் சொத்துச் சேர்ப்பதிலேயே கருத்தாக இருந்தனர். குருமாரிடம் பக்தி இல்லை. செயலில் இரக்கம் இல்லை. அத்தியட்சர்களிலேயே பலர் தம் மந்தையை விட்டு அயல் மாகாணங்களில் அலைந்து ஆதாயமான சந்தைகளைத் தேடினர். வட்டிக்கு மேல் வட்டி வாங்கினர். ஏழைச் சகோதரர் பசித்திருக்கப் பொருள் குவித்தனர். புயல் மரத்தைச் சாய்த்தது உண்மையே. வேரைச் செல் அரித்திருந்ததும் உண்மை. குற்றம் சாட்டும்போது தம் வகுப்பாரையே முதலில் சாட்டிய இத்துணிவுதான் அவருடைய போதனைக்கு வலிமை தந்தது.

வழுவியோர் எல்லாரும் ஒரு தரத்தினர் அல்லர். பலியிட்டவர் உண்டு, சாம்பிராணி மட்டும் இட்டவர் உண்டு. மூன்றாவது வகையினர் பலியும் இடவில்லை, சாம்பிராணியும் இடவில்லை. அதிகாரிக்குப் பணம் கொடுத்துப் பலியிட்டதாகச் சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டவர்கள். இவர்களுடைய வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. நாங்கள் பலிபீடத்தை அணுகவில்லை. எங்கள் கை தீட்டுப்படவில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களால் பலியிட இயலாது என்று அதிகாரியிடம் கூறியே பணம் கொடுத்தோம். தகாததைச் செய்யாமல் இருப்பதற்காகவே கொடுத்தோம். இவ்வாறு அவர்கள் கூறியதைச் சிப்பிரியானே ஒரு கடிதத்தில் எடுத்து எழுதியிருக்கிறார். உலகியல் அறிந்த எவரும் இவ்வாதத்தைக் கேட்டுச் சற்றே தலையசைப்பர். செய்யாத செயலுக்கு ஒரு தாள். தாளில் உள்ளது பொய். பொய்யை எழுதியவனோ அதிகாரி. இதில் நம் குற்றம் எங்கே?

சிப்பிரியானின் விடை சுருக்கமானது. அச்சீட்டே ஒரு மறுதலிப்பு. கை செய்யாததை அச்சீட்டில் உள்ள பெயர் செய்துவிட்டது. தான் கிறிஸ்தவன் அல்லன் என்று ஊரறியச் சொல்லும் ஆவணத்தைப் பணம் கொடுத்து வாங்கியவன், அதை எழுதியவன் வேறொருவன் என்று கூறித் தப்ப முடியாது. மேலும் ஒரு படி சென்று, சீட்டும் வாங்காமல் பலியும் இடாமல், அவ்வாறு செய்யலாமா என்று மனத்தில் எண்ணியதையே குருவிடம் வந்து துயரத்துடன் அறிக்கையிட்டவர்களை அவர் பாராட்டுகிறார். பாவம் பிறக்கும் இடம் பலிபீடமன்று, உள்ளம் என்பது அவர் கருத்து. அரசின் ஏட்டில் இருந்தது சான்றுச் சீட்டு. கணக்குக் கேட்டதோ மனச்சான்று.

இதைக் கூறுவதற்குச் சிப்பிரியானுக்கு என்ன தகுதி என்று கேட்டவர்களும் அன்று இருந்தனர். அடக்குமுறை தொடங்கியபோது அவர் நகரை விட்டு நீங்கி மறைவிடத்தில் தங்கினார். அங்கிருந்து கடிதங்கள் வாயிலாகச் சபையை நடத்தினார். ரோமாபுரியின் குருமார் இதைக் குறித்துக் குத்தலாகவே எழுதினர். தாம் அங்கிருந்தால் கலகம் மிகும், சபைக்குக் கேடு சூழும் என்று அவர் விளக்கம் தந்தார். அவ்விளக்கத்தை ஏற்றவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. சிறையில் வாடியவர்களின் முன்னே மறைந்திருந்தவரின் சொல் எளிதில் எடுபடாது என்பதை அவர் உணராமல் இல்லை. இதனாலேயே அடுத்து எழுந்த சிக்கல் அவருக்கு மிகக் கடினமாக அமைந்தது.

அச்சிக்கல் மற்றொரு சீட்டினால் விளைந்தது. விசுவாசத்தை அறிக்கையிட்டுச் சிறையில் துன்புற்றவர்களை மக்கள் தெய்வமாகவே மதித்தனர். வழுவியோர் சிறைக்குச் சென்று அவர்களிடம் பரிந்துரைக் கடிதம் வேண்டினர். இன்னாரைச் சபையில் சேர்த்துக்கொள்க என்னும் அக்கடிதங்களுக்குச் 'சமாதானச் சீட்டு' என்று பெயர். துன்புற்றவர் ஒருவர் வழுவிய ஒருவருக்காகப் பரிந்து பேசுவது பழைய வழக்கமே. அதில் அன்பு இருந்தது. ஆனால் நாளடைவில் அது பெருவெள்ளமாயிற்று. நாள்தோறும் ஆயிரக்கணக்கில் சீட்டுகள் வழங்கப்பட்டதாகச் சிப்பிரியான் எழுதுகிறார். பெயரே குறிப்பிடாமல், இன்னார் தம்மவருடன் சேர்த்துக்கொள்ளப்படுக என்று மட்டும் எழுதிய சீட்டுகளும் வந்தன. 'தம்மவர்' என்று சொல்லிக்கொண்டு இருபது பேர், முப்பது பேர், அதற்கு மேலும் வந்து நிற்கக்கூடுமே என்று அவர் அஞ்சினார். சீட்டைக் காட்டிய மாத்திரத்தில் நற்கருணையை வழங்கிவிட்ட குருமாரும் இருந்தனர்.

ஒரு சீட்டு உயிரைக் காத்தது. மற்றொரு சீட்டு குற்றத்தைத் துடைப்பதாகச் சொல்லிற்று. இரண்டிலும் ஒருவன் செய்ய வேண்டியதை வேறொருவன் கையெழுத்துச் செய்து முடிக்கிறது. இந்த ஒற்றுமையைச் சிப்பிரியான் கண்டுகொண்டார். தியாகிகளின் மதிப்பை அவர் குறைக்கவில்லை; அவர்களுடைய மன்றாட்டு இறைவன் திருமுன் பெரிது என்றே எழுதினார். ஆயினும் இறைவனுக்கு எதிராகச் செய்த பாவத்தை இறைவனே மன்னிக்க வேண்டும். வேறொருவருடைய வீரத்தை இரவல் வாங்கித் தன் கணக்கில் எழுதிக்கொள்ள எவனாலும் இயலாது என்றார். புண் புரையோடியிருக்க மேலே மருந்தைப் பூசிக் கட்டிவிடும் மருத்துவன் நோயாளிக்கு நண்பனல்லன். கீறிச் சீழை வெளியேற்றுபவனை நோயாளி அன்று ஏசுவான். உடல் தேறிய பின் வாழ்த்துவான். அவசர மன்னிப்பைக் குறித்து அவர் கூறியதன் சாரம் இதுவே.

இவ்வளவுடன் நின்றிருந்தால் சிப்பிரியான் கண்டிப்பான ஓர் அத்தியட்சர் என்ற பெயருடன் மறைந்திருப்பார். 251ஆம் ஆண்டில் எதிர்ப்பக்கத்திலிருந்து வேறொரு குரல் எழுந்தது. ரோமாபுரியில் கொர்நேலியஸ் அத்தியட்சராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரை ஏற்க மறுத்து, நொவேஷியன் என்ற கல்விமான் தாமே ஒரு தனிச் சபைக்குத் தலைவரானார். தேவர்களுக்குப் பலியிட்டவனைச் சபை ஒருநாளும் திரும்பச் சேர்த்தல் ஆகாது. அவன் வாழ்நாள் முழுவதும் வருந்தலாம், இறைவன் மன்னித்தால் மன்னிக்கட்டும், ஆனால் சபையின் கதவு அவனுக்குத் திறக்கப்படாது என்பது அவர் கொள்கை. இதை வெறும் கடுமை என்று தள்ளிவிடுதல் நியாயமாகாது. சிறையில் தந்தையை இழந்த மகனும், வதைக்கப்பட்ட கணவனைக் கண்ட மனைவியும், மன்றத்துக்கு ஓடிச் சீட்டு வாங்கியவனோடு ஒரே வரிசையில் நின்று நற்கருணை பெறுவது எங்ஙனம்? தூய்மையைக் காக்க விழைந்த அம்மரபு நொவேஷியனுக்குப் பின்னும் சில நூற்றாண்டுகள் வாழ்ந்தது.

கதவை அடைத்தல் நடைமுறையில் எப்படியிருக்கும் என்பதற்கு அலெக்சாந்திரியா நகரின் அத்தியட்சரான தியோனீசியஸ் எழுதிய கடிதம் ஒன்று சான்றாகும். செரப்பியோன் என்ற முதியவர் நெடுங்காலம் குற்றமற்று வாழ்ந்து, அடக்குமுறையின்போது வழுவிப் பலியிட்டுவிட்டார். பின்னர்ப் பலமுறை மன்றாடியும் எவரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. நோயுற்று மூன்று நாள் பேச்சற்றுக் கிடந்து, நான்காம் நாள் சற்றே தெளிந்தார். மகளின் சிறு மகனை அழைத்துக் குருவை அழைத்து வருமாறு அனுப்பினார். இரவு நேரம், குருவும் நோயுற்றிருந்தார். எனினும், முன்னரே மன்றாடியவர் மரணத் தறுவாயில் வேண்டினால் மறுத்தல் கூடாது என்று தியோனீசியஸ் கட்டளையிட்டிருந்தார். ஆகவே குரு நற்கருணையில் ஒரு சிறு பகுதியைச் சிறுவனிடம் கொடுத்து, அதை நனைத்து முதியவரின் வாயில் இடுமாறு சொன்னார். சிறுவன் திரும்பி வந்து அவ்வாறே செய்தான். அதை விழுங்கியவுடன் முதியவரின் உயிர் பிரிந்தது. அவ்விரவில் அச்சிறுவன் நடந்த தூரமே அந்நாளைய திருச்சபை நடக்க வேண்டியிருந்த தூரம்.

டீசியஸ் 251ஆம் ஆண்டில் போர்க்களத்தில் மாண்டார். சிப்பிரியான் அவ்வாண்டு உயிர்த்த திருநாளுக்குப் பின் கார்த்தேஜுக்குத் திரும்பி, ஆப்பிரிக்க அத்தியட்சர்களின் மன்றத்தைக் கூட்டினார். வழக்குகள் ஒவ்வொன்றாக ஆராயப்பட வேண்டும் என்று மன்றம் முடிவு செய்தது. சீட்டு மட்டும் வாங்கியவர் வருந்தித் தவம் செய்திருப்பின் அவரவர் வழக்கை ஆராய்ந்து சேர்த்துக்கொள்ளலாம். பலியிட்டவர் நெடுந்தவத்தில் இருக்க வேண்டும்; மரணம் நெருங்கும்போது அவருக்கும் கதவு திறக்கப்படும். மொத்தமாக மன்னித்தலும் இல்லை. மொத்தமாகத் தள்ளுதலும் இல்லை.

ஏன் ஒவ்வொன்றாக ஆராய வேண்டும்? அந்தோனியானுஸ் என்ற அத்தியட்சருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் சிப்பிரியான் இதை விளக்குகிறார். அழைத்தவுடன் தானே ஓடிப் பலியிட்டவனும், நெடிது போராடி வதையுண்டு இறுதியில் தளர்ந்தவனும் ஒன்றாவரா? மனைவி, மக்கள், வேலையாட்கள் அனைவரையும் தன்னோடு இழுத்துச் சென்று பாவத்தில் தள்ளியவனும், வீட்டார் அனைவருக்குமாகத் தான் ஒருவனே சென்று பலியிட்டு அவர்களைக் காத்தவனும் ஒன்றாவரா? இரண்டாமவன் செய்ததும் பிழையே. ஆனால் அப்பிழையின் உள்ளே அன்பு இருந்தது. அதைக் காணாத நீதி நீதியாகாது. பொறுப்பு தனி மனிதனுடையது எனின், அதை அளக்கும் கோலும் தனித்தனியாகவே இருத்தல் வேண்டும்.

அதே கடிதத்தில்தான் இவ்வழக்கின் மையமான கருத்தும் உள்ளது. பாவிகளைச் சேர்த்துக்கொண்டால் சபை முழுவதும் தீட்டுப்படும் என்பது நொவேஷியனைச் சார்ந்தவர்களின் அச்சம். சிப்பிரியான் அதற்கு மறுமொழியாக, ஒவ்வொருவனும் தன் பாவத்தினாலேயே பிடிக்கப்படுகிறான், ஒருவனுக்காக மற்றொருவன் குற்றவாளி ஆகமாட்டான் என்னும் கருத்தை முன்வைத்தார். தந்தையின் குற்றம் மகனைச் சாராது என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி உரைத்த பழைய கோட்பாடே இது. ஆனால் சிப்பிரியான் அதைத் திருப்பிய விதம் கவனிக்கத்தக்கது. பாவம் அவனவனுடையது என்னும் சொல்லைப் பெரும்பாலும் நாம் கைகழுவுவதற்கே பயன்படுத்துகிறோம்; அவன் பாவம், அவன் படட்டும் என்கிறோம். அவரோ அதையே கதவைத் திறக்கும் சாவியாக்கினார். அவன் பாவம் உன்மேல் ஒட்டாது. ஆகவே அவன் அருகில் நிற்க நீ அஞ்ச வேண்டியதில்லை.

வழக்கு முழுவதும் இந்த இடத்தில் ஒன்றுகூடுகிறது. தன் பாவத்தை வேறெவர் தலையிலும் ஏற்ற முடியாது என்பது ஒரு பாதி. தன் பாவத்தைச் சுமந்துகொண்டு வருபவனுக்கு வழிவிட வேண்டியது சபையின் கடமை என்பது மறுபாதி. முதற்பாதியை மட்டும் கொண்டவர் நொவேஷியனிடம் சென்றனர். இரண்டாம் பாதியை மட்டும் கொண்டவர் சீட்டு வழங்கினர். இரண்டையும் ஒருசேரப் பிடித்திருப்பதே சபை வாழ்வு.

அதைப் பிடித்திருத்தல் எளிதாகவும் இல்லை. குருமாரின் ஆலோசனையும் மக்களின் இசைவும் இன்றித் தம் எண்ணப்படி எதுவும் செய்வதில்லை என்று சிப்பிரியான் தம் பணியின் தொடக்கத்திலேயே உறுதிகொண்டிருந்தார். திரும்பி வருவோரைச் சேர்ப்பதிலும் மக்களின் கருத்தைக் கேட்டார். மக்கள் பலமுறை மறுத்தனர். அவர்களை இணங்க வைப்பது பெரும்பாடாயிற்று என்று கொர்நேலியஸுக்கு எழுதுகிறார். தேவைக்கு மேல் மன்னித்துத் தாமே தவறிழைத்து விடுவோமோ என்றும் அஞ்சுகிறார். மன்னிப்பு என்பது ஆசனத்தில் அமர்ந்து வழங்கும் ஆணையன்று. புண்பட்டவரும் புண்படுத்தியவரும் ஒரே கூரையின் கீழ் அமரக் கற்றுக்கொள்ளும் நெடிய பயிற்சி.

252ஆம் ஆண்டு வாக்கில் மீண்டும் அடக்குமுறையின் அறிகுறிகள் தோன்றின. அப்போது கூடிய 42 அத்தியட்சர்கள், பலியிட்டு வருந்தித் தவத்தில் நின்ற அனைவரையும் உடனே சேர்த்துக்கொள்ள முடிவு செய்தனர். போருக்குச் செல்பவனை ஆயுதமின்றி அனுப்பலாகாது என்பது அவர்கள் கூறிய காரணம். அக்காலத்திலேயே கொடிய கொள்ளைநோய் ஒன்றும் பரவியது. தம்மைத் துன்புறுத்தியவர்களின் நோயாளிகளையும் பேணுமாறு சிப்பிரியான் தம் மக்களைத் தூண்டினார். 258ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், வலேரியன் பேரரசரின் ஆட்சியில், பலியிட மறுத்ததற்காக அவர் தலை துண்டிக்கப்பட்டது. தம்மை வெட்டவிருந்தவனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்குமாறு அவர் தம்மவரிடம் சொன்னதாக அந்நாளைய குறிப்பு கூறுகிறது. எட்டு ஆண்டுகளுக்கு முன் மறைவிடம் தேடியவர் இம்முறை மரணத்தை ஏற்றார்.

அவருக்குப் பின் காலம் மாறியது, அரசரே கிறிஸ்தவரானார். 390ஆம் ஆண்டில் தெசலோனிக்கா நகரத்தார் படைத்தலைவன் ஒருவனைக் கொன்றனர். சினங்கொண்ட தியோடோசியஸ் பேரரசரின் ஆணையால் அந்நகர மக்கள் கூட்டமாக வெட்டப்பட்டனர். வெட்டியவை வீரரின் வாள்கள். ஆணையிட்ட பேரரசரோ வெகுதொலைவில் மிலான் நகரில் இருந்தார். அந்நகரின் அத்தியட்சரான அம்புரோஸ் தம் கைப்படக் கடிதம் எழுதி, பேரரசர் வருந்தித் திரும்பும்வரை அவர் முன்னிலையில் நற்கருணைப் பலி நிறைவேற்றத் தம்மால் இயலாது என்று தெரிவித்தார். தியோடோசியஸ் அரச சின்னங்களைக் களைந்து சபையின் நடுவே அழுது தவம் செய்தார். கோயில் வாயிலில் அம்புரோஸ் பேரரசரை மறித்து நின்ற காட்சி பிற்காலத்தார் புனைந்தது. உண்மையில் நடந்தது ஒரு கடிதமும் ஒரு மனிதனின் கண்ணீருமே. ஆணையிட்ட வாயும் வெட்டிய கையைப் போலவே கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது அன்று உலகறிய நிறுவப்பட்டது.

சபையின் நடுவே செய்த இத்தவம் நாளடைவில் அருகியது. ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவியரிடம் வளர்ந்த தனி அறிக்கை முறை ஐரோப்பாவெங்கும் பரவியது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒவ்வொருவரும் தம் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தல் வேண்டும் என்று 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற்ற பின்னும் எஞ்சும் தண்டனையைக் குறைக்கும் பலன் சீட்டுகளும் தோன்றின. கார்த்தேஜின் சமாதானச் சீட்டுகளையே இவற்றின் முன்னோடியாகக் கருதும் வரலாற்றாசிரியர் உளர். அச்சுப்பொறி ஐரோப்பாவில் பிறந்தபோது, ஆண்டு குறித்து அச்சிடப்பட்ட தொடக்க காலத் தாள்களில் 1454ஆம் ஆண்டின் பலன் சீட்டுகளும் இருந்தன. அவை விற்பனைப் பொருளானபோது, காசு கொடுத்தால் பாவம் தீரும் என்று பாமரர் எண்ணலாயினர். 1517ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் மார்ட்டின் லூதர் 95 கருத்துரைகளை வெளியிட்டு இதை எதிர்த்தார். விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருத்தல் வேண்டும் என்பதே அவற்றுள் முதலாவது. கத்தோலிக்கத் திருச்சபையும் வாளாவிருக்கவில்லை. பணத்தோடு இணைந்த பலன் வழங்குதலை ஐந்தாம் பத்திநாதர் 1567ஆம் ஆண்டில் நீக்கினார்.

இவ்வரலாறு தமிழ்மொழியைத் தொடும் இடம் ஒன்று உண்டு. அது தமிழகத்துக்கு வெளியே அமைந்தது. முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களிடையே பணிபுரிந்த போர்ச்சுகீசியரான ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் அடிகளார் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூலைத் தமிழில் அச்சிட்டார். மறு ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. அதற்கடுத்த 1580ஆம் ஆண்டில் அவர் அச்சிட்ட நூல், பாவசங்கீர்த்தனம் செய்வதற்கான கையேடு. இந்நாட்டில் தமிழ் எழுத்து அச்சேறிய முதல் மூன்று ஆண்டுகளுக்குள்ளாகவே, தன் குற்றத்தைத் தன் வாயால், தன் மொழியில் சொல்லுவதற்கு ஒரு நூல் வேண்டியிருந்தது. பரவர் குலத்துப் படகோட்டி ஒருவன் தன் பிழையைப் போர்ச்சுகீசிய மொழியில் எங்ஙனம் உரைப்பான்? இரவல் மொழியில் சொல்லும் அறிக்கை பாதி இரவல் அறிக்கையே. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் லூதரின் சிறு ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். இரு மரபினரும் பலவற்றில் வேறுபட்டனர். மனச்சான்று தாய்மொழியில் பேசும் என்பதில் வேறுபடவில்லை.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்கு இது புதிய செய்தியன்று. மும்பையிலும் கொல்கத்தாவிலும் டில்லியிலும் தமிழ் வழிபாடு நடைபெறும் கோயில்கள் உள. ஊர் மாறிச் செல்லும் குடும்பத்தினர் தம் குருவானவரிடமிருந்து கடிதம் பெற்றுச் சென்று புதிய சபையில் சேருவதும் வழக்கமே. அக்கடிதம் நல்லது, அறியாத ஊரில் அறிமுகம் தருவது. ஆயினும் அது வாயில்வரைதான் வரும். சொந்த ஊரில் தாய்மாமனின் கண்ணும் தெருவாரின் நாவும் நம் நடத்தையைப் பாதி காத்து வந்தன. அயலூரில் அக்காவல் இல்லை. எவரும் அறியாத இடத்தில் செய்த பிழைக்கும், எல்லாரும் செய்கிறார்களே என்று வாங்கிய கையெழுத்துக்கும், அதிகாரி கேட்டார் கொடுத்தேன் என்று கொடுத்த கைக்கூலிக்கும் கணக்குக் கேட்பது அங்கு நம்மோடு வந்த மனச்சான்று ஒன்றே. இது கிறிஸ்தவருக்கு மட்டும் உரிய செய்தியன்று.

அயலூரில் தவறி விழுந்தவனுக்கு நேரும் மற்றொரு துன்பமும் உண்டு. அவன் திரும்பி வரும்போது அவனை அறிந்தவர் சிலரே. அந்தச் சிலரும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவனுக்குப் போக வேறிடம் இல்லை. கார்த்தேஜ் மக்கள் தயங்கித் தயங்கி இணங்கியது இத்தகையவனை ஏற்பதற்கே. தன் பிழையைத் தன் பிழை என்று ஒருவன் சொல்லட்டும். அதைச் சொன்னவனுக்கு அமர ஓர் இடம் இருக்கட்டும். தியோகெனஸ் முதியவரின் சீட்டு இன்றும் அழியாமல் இருக்கிறது. அவர் எச்சமயத்தவர், அதை எழுதிய கை நடுங்கிற்றா என்பதைக் கூறும் ஏடு ஒன்றும் அம்மணலில் இல்லை. அதை அறிந்திருந்தவர் அவர் ஒருவரே.